ஒரு மணிக்கான சூடு

முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு துணி வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட மகளை நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுக்கும் நேரம். தாய்க்குத் தையல் ஆறவில்லை. அந்த வேலை அவன் பங்குக்கு வந்தது. நர்ஸ் அடுத்த தொட்டிலில் ஒரு குழந்தைக்குக் குழாய் வழியே பால் விட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது குழந்தைகளுக்கு அவள் ஒருத்தி.

கைக்கு வேலை இல்லாவிட்டால் வியாபாரியின் கண் சும்மா இருக்குமா? தொட்டிலில் தொங்கிய அட்டையைப் படித்தான். குழந்தையின் உடல் சூட்டை மணிக்கொரு தரம் குறிக்கும் தாள். பெரிய டாக்டர் இரண்டு மாதம் முன்பு கொண்டுவந்த ஏற்பாடு. அதன்பின் ஒரு பிள்ளைக்கும் குளிர் தட்டவில்லை என்று வாசலில் பலகையே வைத்திருந்தார்கள். அந்தப் பலகையை நம்பித்தான் மூன்று நாளாக அவன் வீட்டுக்குப் போய்க் கண்ணயர்ந்தான்.

எட்டு மணி, 36.8. ஒன்பது, 36.8. பத்து, பதினொன்று, அதேதான். பன்னிரண்டு, 36.8. ஒரு மணி, 36.8.

மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முள் அசையாத தராசைக் கண்டால் தட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். மகளின் பாதத்தைத் தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு நூலின் தரம் சொல்லும் விரல், பொய் சொல்லாது. குளிர்ந்திருந்தது.

கேட்கலாம். கேட்டால்? பிள்ளை இந்த நர்ஸ் கையில்தானே இருக்கிறது. டாக்டரிடம் போனால் இவள் வேலைக்கு உலை. நாளைக்கு வருகிறவள் குழாயை இவ்வளவு பொறுமையாகப் பிடிப்பாளா?

"சிஸ்டர், ஒரு மணிக்கு எம்பொண்ணு நல்லா இருந்தாளா?"

"நல்லாத்தான் இருந்தா சார்..." பாதியில் நிமிர்ந்தாள். கடிகாரம், அட்டை, அவன் முகம்.

"இப்ப எப்படி இருக்கான்னும் ஒருதரம் பாத்துடுங்கம்மா. காலு ஜில்லுன்னு இருக்கு."

அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் பீப் என்று கூவியது. 35.7. அடித்துணி நனைந்து கிடந்தது. அவள் அதை உருவி எறிந்தாள், குழந்தையைத் துடைத்தாள், குல்லா மாட்டி அவன் நெஞ்சில் படுக்கவைத்துப் போர்த்தினாள்.

"காலையில வந்ததுமே எழுதிடுவோம் சார். எழுத நின்னா பாக்க முடியல, பாக்க நின்னா எழுத முடியல. தாள் காலியா இருந்தா திட்டு."

"நானும் ஒத்தை ஆளா கடை பாத்தவன்தான். ஆனா வராத ஆளுக்குத் துணி கிழிச்சதில்லம்மா."

அவள் சிரிக்கவில்லை. "பன்னண்டுக்குப் பெரிய டாக்டர் வருவாரு. சொல்லப்போறீங்களா?"

அவன் போர்வைக்குள் கையை விட்டு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பேனாவை எடுத்தாள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. மூன்றையும் அடித்து, ஓரத்தில் 35.7 என்று எழுதினாள். பிறகு அடுத்த தொட்டிலுக்குப் போய் அங்கே தொங்கிய அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தெர்மாமீட்டரைத் துடைத்து அந்தக் குழந்தையின் அக்குளில் வைத்தாள்.

போர்வைக்குள் அவன் முஷ்டியில் மகளின் பாதம் அடங்கியிருந்தது. இன்னும் சூடேறவில்லை. அந்தத் தொட்டிலிலிருந்து கூவல் வருவதற்காக அவன் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். அதற்கப்பால் இன்னும் ஏழு தொட்டில்கள் இருந்தன.