இரண்டாவது சாவி

இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது லோர்னா போனை மேசைமேல் வைத்து, அதில் வாராவாரம் வரும் குற்றக்கதை நிகழ்ச்சியின் இரண்டு பெண்களையும் பேசவிடுவாள். இருவரும் டெக்சாஸ்காரிகள். எங்கோ ஓர் ஊரில் நிஜமாக நடந்த குற்றத்தை எடுத்துக்கொண்டு தீர்ப்பு வரைக்கும் சொல்வார்கள்; நடுநடுவே ஒருத்தியை ஒருத்தி சீண்டிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மகள் அரிசோனாவுக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்கும் சிரிப்பு அது ஒன்றுதான். லோர்னாவும் வாயில் சோளத்தோடு சேர்ந்து சிரிப்பாள். நிகழ்ச்சி முடிந்ததும் ஏரிக்காற்று ஜன்னலை அறையும் சத்தம் மட்டும் மிஞ்சும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் பிள்ளைகளின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. கணவன் வேறொருத்தியோடு வாழப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத்துக் குளிர்காலமோ ஏப்ரல் வந்தாலும் விடைபெறாது.

அந்தக் குளிர்காலத்தில்தான் வெர்னன் வர ஆரம்பித்தார். சர்ச்சில் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்து உட்காரவைக்கும் மனிதர். யாரும் கேட்காமலே லோர்னாவின் வாசலில் பனியை வாரிப் போட்டுவிட்டுப் போவார். "தனியா இருக்கிற பொம்பளைங்களுக்கு அவரை விட்டா யாரு?" என்று சர்ச்சில் சொல்லிக்கொள்வார்கள். லோர்னா எலுமிச்சைக் கேக் செய்து கொடுத்தாள். அவர் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தார். எதிர்நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது அவளுக்கும் இதமாகத்தான் இருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது பின்கதவில் புதுப் பூட்டு இருந்தது. வெர்னன் படியில் காத்திருந்தார்.

"பழசு சரியில்ல லோர்னா. கதவிடுக்குல ஒரு அட்டையை விட்டேன், திறந்துக்கிச்சு. யாராச்சும் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அதான் மாத்திட்டேன்." அவள் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தார்.

"உங்களுக்கு எவ்வளவு சிரமம். ரொம்ப நன்றி," என்றாள் லோர்னா.

புதுப் பூட்டு எதுவும் ஒற்றைச் சாவியோடு வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்று எங்கே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. இவ்வளவு செய்த மனிதரிடம் அதைக் கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடாதா? விழுங்கிவிட்டாள்.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்து விடுப்பு எடுத்தாள். மதியம் முன்னறைச் சோபாவில் போர்வைக்குள் கிடந்தபோது பின்கதவுப் பூட்டு திரும்பும் சத்தம் கேட்டது. பூட்ஸைக் கழற்றும் சத்தம். பிறகு, காலுறை மட்டும் அணிந்த காலடிகள். அவை சமையலறையைத் தாண்டி அவளுடைய படுக்கையறைக்குள் போயின. அலமாரி இழுப்பறை ஒன்று திறந்து மூடியது. லோர்னா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

வெளியே வந்த வெர்னன் அவளைப் பார்த்தார். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"அடடே, வீட்லதான் இருக்கீங்களா? தண்ணிக் குழாய் உறைஞ்சிருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

படுக்கையறையில் குழாய் ஏது? அது தெரிந்தும் லோர்னாவின் வாய், பழகிய பாதையில் தானாக நடந்தது.

"நன்றி வெர்னன். சாரி, வீடு ஒரே குப்பையா இருக்கு. காபி போடட்டுமா?"

அவர் போன பிறகு, எழுந்து போய் இழுப்பறையைப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். மனிதக் குரல் ஏதாவது கேட்டால் போதும் என்று போனைத் தட்டினாள். கத்திக்குத்துப்பட்டும் தப்பிப் பிழைத்த ஒருத்தியின் கதை. நீதிமன்றத்தில் அவள் சொன்னதை டெக்சாஸ்காரிகளில் ஒருத்தி வாசித்தாள்.

"ஜன்னல் வழியா உள்ள வந்திருக்கான். இவ அவனைப் பாத்து, 'சாரி, நீங்க வருவீங்கன்னு தெரியாது'ன்னு சொல்லியிருக்கா."

"நானா இருந்தா காபி போட்டுக் குடுத்திருப்பேன்டி," என்றாள் இன்னொருத்தி.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. முதலாமவள் மெல்லச் சொன்னாள்: "நம்மளை அப்படித்தானே வளத்திருக்காங்க. வெக்கத்துல யாரும் செத்ததில்ல. மரியாதை பாத்துச் செத்தவங்க கதையைத்தான் நாம வாராவாரம் சொல்லிட்டிருக்கோம்."

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துப் பூட்டுக் கடைக்குப் போன் செய்தாள்.

மறுநாள் வெர்னன் பனிவாரியோடு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"இனிமே நீங்க வர வேணாம் வெர்னன். பனியும் வார வேணாம்."

"ஏன், நான் என்ன பண்ணிட்டேன்?"

"என்னைக் கேக்காம என் வீட்டுக்குள்ள வந்தீங்க. என் ரூமுக்குள்ள போனீங்க."

"காய்ச்சல்ல ஏதோ உளறுறீங்க. நீங்க ஒண்டியா விழுந்து கிடந்தா யாரு பாக்கறது? அதுக்குத்தான் ஒரு சாவி வச்சிருக்கேன்."

"அதை நீங்களே வச்சுக்குங்க. பூட்டு மாத்த ஆள் வந்துட்டிருக்கான்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு கழன்று விழுந்தது. "நன்றி கெட்டவ. உன் புருஷன் ஏன் ஓடினான்னு இப்பத்தான் புரியுது," என்றார். லோர்னா கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

கதை அவளுக்கு முன்பே சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "பாவம் வெர்னன், உதவி பண்ணப் போய் கெட்ட பேரு," என்றார்கள். அவள் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. ஐலீன் என்ற பெண் பாடகர் குழுவில் இவளுக்குப் பக்கத்தில் நிற்பவள். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லோர்னா முதுகு ஒடிய வாசல் பனியைத் தானே வாரினாள். எதிர்நாற்காலி மறுபடி வெறுமையானது. ஒருவேளை நல்ல மனிதரைத்தான் விரட்டிவிட்டோமோ என்று சில சமயம் குழம்புவாள். அது உறுதியாகத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் படுத்தால் தூக்கம் வந்தது.

பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு. சர்ச்சின் கீழ்த்தளத்தில் லோர்னா காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐலீன் துண்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அன்னிக்கு வெர்னன்கிட்ட எப்படிச் சொன்னீங்க லோர்னா? எந்த வார்த்தைல ஆரம்பிச்சீங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

ஐலீன் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுச் சாவியும் அவர்கிட்ட இருக்கு. தட்டாமயே வர்றார். எங்க வீட்டுக்காரர் தவறினதுக்கப்புறம் எவ்வளவோ உதவி பண்ணியிருக்கார். அதான், வாயைத் திறக்கவே முடியல. உங்களைப் பாத்தா எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் பேசாம இருந்தேன்."

லோர்னா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல, 'சாரி'ன்னு ஆரம்பிக்காதீங்க. 'வராதீங்க'ன்னு மட்டும் சொல்லுங்க. காரணம் கேட்டா சொல்லணும்னு கட்டாயமில்ல."

"மனசு கஷ்டப்படுவாரே."

"படட்டும். நல்லவரா இருந்தா, வேணாம்னா வேணாம்னு எடுத்துக்குவார். அப்படி எடுத்துக்காதவர்கிட்ட நாம நல்ல பேர் வாங்கி என்ன பண்ணப் போறோம் ஐலீன்? உள்ளுக்குள்ள பயமா இருக்கறப்ப வெளிய சிரிச்சுட்டு நிக்கறது மரியாதை இல்ல. நம்மளை நாமே காட்டிக் குடுக்கறது. நம்ம உயிரைவிட இன்னொருத்தர் மனசு பெருசுன்னு நமக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அது பொய்."