ஒரே ஒரு வாய்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில்தான் ஒயின் ருசிபார்க்கும் தேர்வு. மேசைமேல் ஆறு கோப்பை ஒயின், பக்கத்தில் துப்புவதற்கு ஒரு வாளி. லோகேஸ்வரிக்குக் கோப்பைகளைவிட அந்த வாளிதான் வேண்டியதாக இருந்தது. ஏழு வருடமாக ஒயினை வாயில் ஊற்றி, புரட்டி, துப்பித் துப்பியே இந்தத் தொழிலில் மேலே வந்தவள் அவள். ஒரு சொட்டுகூடத் தொண்டையில் இறங்கியதில்லை. கற்பூரத்தின்மேல் கைவைத்துச் செய்த சத்தியம் என்றால் சும்மாவா?

அப்பா சின்னையா லோரி ஓட்டியவர். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே நாற்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தார். இருந்தவரை அம்மா தனலெட்சுமி தினமும் அவரை வாசலில் நிறுத்தி, "ஊது" என்பாள். மனிதர் கொய்யா இலையை மென்றுவிட்டு வருவார், கிராம்பைக் கடித்துக்கொண்டு வருவார், "பல்லு வெளக்கிட்டு வரேன்" என்று நழுவப் பார்ப்பார். ஊஹூம், அந்த மூக்கிடம் ஒரு பருப்பும் வேகாது. எந்தக் கடையில் குடித்தார் என்பதுவரை சொல்லிவிடும். கருமாதி முடிந்த கையோடு, பதினைந்து வயது மகளை அவர் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அம்மா கற்பூரம் ஏற்றினாள். "எந்தக் குடியும் என் தொண்டையில இறங்காதுன்னு சத்தியம் பண்ணு." மகள் பண்ணினாள். மறுநாளிலிருந்து வாசலில் நின்று ஊதுகிற வேலை மகளுக்கு வந்தது. பதினாலு வருடம் ஆகியும் அது நிற்கவில்லை.

ஹோட்டல் உணவகத்தில் தட்டு தூக்கப் போனவள், ஒரு நாள் யாரோ மிச்சம் வைத்த கோப்பையை முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. பிழைப்பு என்று போன இடத்தில் தனக்கென்று ஒரு வேலை இருப்பதைக் கண்டுகொண்டாள். தொண்டைக்குத்தானே தடை, வாய்க்கு இல்லையே என்று சத்தியத்தில் ஓர் ஓட்டையையும் கண்டுபிடித்தாள், கெட்டிக்காரி! வீட்டில் கேட்டால், "போன்ல புக்கிங் எடுக்கிறேன்மா" என்பாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்! வீடிருக்கும் கிள்ளானுக்கு ரயில் ஏறும் முன் தினமும் பல் விளக்கியே ஈறு தேய்ந்துபோனது.

தேர்வில் ஐந்து கோப்பையை ருசித்துத் துப்பி, எந்த ஒயின் என்று சரியாகச் சொன்னாள். ஆறாவதை வாயில் வைத்தாள். மழை பெய்த மண், நாவல்பழம், பின்னால் லேசாக மிளகு. எதைச் சொல்ல, எதை விட! இத்தனை வருட உழைப்பும் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. வாளி பக்கத்திலேயே இருந்தது. துப்ப மனம் வரவில்லை. விழுங்கிவிட்டாள்.

மாலையில் முடிவு வந்தது. "பாஸ் லா, லோகேஸ்! திங்கக்கிழமையிலேருந்து ஒயின் பொறுப்பு முழுக்க ஒன்னோடது. மெனு கார்டுல ஒம்பேரு வருது" என்று ஹோட்டல் மேலாளர் மாரிஸ் கையைக் குலுக்கினார். இனி மறைக்க முடியாது. இன்றைக்கே சொல்லிவிடுவது என்று ரயில் ஏறினாள். பையிலிருந்த புதினா மிட்டாயை எடுத்தாள். அப்பாவின் கிராம்பு நினைவுக்கு வந்தது. தூக்கி எறிந்தாள்.

கதவைத் திறந்த அம்மா வழக்கம்போல, "ஊது" என்றாள்.

"இரும்மா, மொதல்ல ஒண்ணு சொல்லணும்."

ஏழு வருடக் கதையையும், திங்கட்கிழமை வரப்போகும் பொறுப்பையும் வாசலிலேயே கொட்டினாள். ஆறாவது கோப்பையை மட்டும் விட்டுவிட்டாள். அம்மா கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்து நின்றால், அம்மா சிரித்தாள்.

"ஒன் சட்டையத் தொவைக்கிறது யாருடி? ஒரு நாளு பேரீச்சம்பழம் வாசம், ஒரு நாளு எலுமிச்சைத் தோலு. எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"வாயில வர்ற வாசம் வேற, வயித்துலேருந்து வர்றது வேற. ஒன் மூச்சு ஒரு நாளும் பொய் சொல்லல. நீ ஒங்கப்பன் இல்ல. திங்கக்கிழமை நல்லபடியா போயிட்டு வா."

லோகேஸ்வரிக்கு அழுகை முட்டியது. இந்த மூக்குக்குத்தானா இத்தனை காலம் பயந்து செத்தோம்! தன் மூக்கே இவளிடமிருந்து வந்ததுதானே. கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினாள்.

"சரி சரி, ஊது. சாப்பிடலாம்" என்று அம்மா முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பல்லு வெளக்கிட்டு வரேம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அது அப்படியே அப்பாவின் வார்த்தை. அம்மாவின் சிரிப்பு நின்றது.

"ஊதுடி."

ஊதினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தன வாயி?"

"ஒண்ணும்மா. சத்தியமா ஒரே ஒண்ணு."

"அவரும் ஒண்ணுன்னுதான் சொல்லுவாரு."

அம்மா சாமி மேடையிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்துவந்து, அப்பா படத்துக்கு முன்னால் ஒரு வில்லையை வைத்துக் கொளுத்தினாள். "அந்த வேலைக்குப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

லோகேஸ்வரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பண்ணினால் வேலை போச்சு, பண்ணாவிட்டால் அம்மா போச்சு. நாவல்பழம் இன்னும் தொண்டையில் இனித்துக்கொண்டிருந்தது, பாவி! இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நெருப்பையே பார்த்தார்கள். கற்பூரம் எரிந்து, சிறுத்து, அணைந்தது.

அம்மா இன்னொரு வில்லையை வைத்துக் கொளுத்தினாள். டப்பாவில் நிறைய இருந்தது.