இறங்காமல் விட்ட ஊர்

அம்மா போனில் அழவில்லை. அதுதான் பல் டாக்டரைப் பயமுறுத்தியது.

"அப்பாவுக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். தம்பியையும் கூட்டிட்டு வா, சீக்கிரமா."

காரில் போனால் பொழுது சாய்ந்துவிடும். அவரிடம் நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. விடுமுறை நாட்களில் ஓட்டுவார். தம்பி பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். மைதானத்திலிருந்து அப்படியே வந்து ஏறினான், கழுத்தில் விசிலோடு.

"பல்லு பிடுங்குற கையை நம்பி உயிரைக் குடுக்கிறேண்ணே. பாத்து ஓட்டு."

டேங்குகள் நிரம்பியிருக்கவில்லை. நிரப்பிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. பாதி வழியில் ஒரு சிறிய விமான தளம் உண்டு, அங்கே இறங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தப்பில்லை.

மேலே போனதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. வானிலை அறிக்கையில் சொல்லியிருந்ததைவிடப் பலமான காற்று. தம்பி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கீழே நெடுஞ்சாலையைப் பார்த்தான்.

"அண்ணே, ஒரு கார்க்காரன் நம்மள முந்திட்டுப் போறான்."

இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் அப்பாவை மறந்து சிரித்தார்கள்.

பாதி வழி ஊர் கண்ணில் பட்டபோது தம்பியின் போனுக்கு அம்மாவின் செய்தி வந்தது. அவன் அதை வாய்விட்டுப் படித்தான். அப்பா உங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டே இருக்கார்.

இறங்கி, நிரப்பி, மறுபடி ஏறுவதென்றால் ஒரு மணி நேரம் போய்விடும். பல் டாக்டர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். கால் பங்குக்குச் சற்று மேலே நின்றது. முள்ளை நம்பாதே, கடிகாரத்தை நம்பு என்று விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் தலையில் குட்டாத குறையாகச் சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் பறந்திருக்கிறோம், எதிர்காற்றில் இன்னும் எவ்வளவு நேரம் பறக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு முள் அவருக்கு வேண்டியதைச் சொன்னது. அதனால் முள்ளை நம்பினார்.

"போதுமாண்ணே?"

"போதும்."

தம்பி மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் அவனுக்குச் சரிதான். விமான தளம் இறக்கைக்கு அடியில் நழுவிப் பின்னால் போனது.

அப்பாவின் ஊர் நெருங்கி, ஓடுபாதை தூரத்தில் கோடாகத் தெரிந்தபோது எஞ்சின் இருமியது. அடுத்த டேங்குக்கு மாற்றினார். சற்று ஓடிப் பின் அதுவும் நின்றது. காற்று உரசும் ஓசை மட்டும் மிஞ்சியது. ஓடுபாதைக்கு எட்டாது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அறுவடை முடிந்த வயல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருப்பினார்.

"பெல்ட்டை இறுக்கிக்கடா. தலையைக் குனிஞ்சுக்க."

"சரிண்ணே." அவன் குரலில் நடுக்கம் இல்லை.

வயலில் நன்றாகத்தான் இறக்கினார். ஓட்டத்தின் கடைசியில் ஒரு வாய்க்கால் இருந்தது, மேலிருந்து தெரியாதது. வலது சக்கரம் அதில் விழ, விமானம் அந்தப் பக்கமாகவே கவிழ்ந்தது. தம்பி உட்கார்ந்திருந்த பக்கம். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. தீப்பிடிக்கவில்லை. பிடிக்க ஒரு சொட்டுகூட மீதம் இல்லை.

இருவரையும் அப்பா இருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். பல் டாக்டருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு முடித்தபோது அம்மா வாசலில் நின்றாள். அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அப்பா?" என்றார்.

"தேறிட்டார். மத்தியானமே மூச்சு சீராயிடுச்சு. எழுந்து உக்காந்து சூப் குடிச்சார்." அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவன் எங்கேன்னு கேக்கறார். என்னால முடியாதுடா. நீ சொல்லு."

படியேறிப் போனார். தலையணையில் சாய்ந்திருந்த அப்பா, அவர் கைக்கட்டைப் பார்த்தார், பிறகு அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

"பெட்ரோல் தீந்துபோச்சுப்பா. வழியில இறங்கியிருக்கணும். நான் இறங்கல."

அப்பா கதவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எனக்காகவா அவசரப்பட்டீங்க?"

பல் டாக்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

வீடு திரும்பிய பிறகு அப்பா மாத்திரையைத் தொட மறுத்தார். அம்மா கெஞ்சினாள், தம்பி மனைவி வந்து கெஞ்சினாள், நடக்கவில்லை. பல் டாக்டர் கிளினிக்கை விற்றுவிட்டு அந்த ஊருக்கே குடிவந்தார். காலையிலும் மாலையிலும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நிற்பார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். ஆனால் வாயைத் திறப்பார்.