கொஞ்சம் பொறுங்க

பதிவு அலுவலகத்துக் கணினி ஒரு சாவை ஏற்க மறுத்தால், செத்தவர் மறுநாள் காலை ஏழரை மணிக்கெல்லாம் வீடு திரும்பி, வாசலை ஒட்டிய நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொள்வார். ஊரில் முதலில் இப்படித் திரும்பியவர் தையல்காரரின் மாமனார். பதினெட்டு வருஷம் மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்து, மூன்று நாள் காய்ச்சலில் போனவர். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது தையல்காரர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, "போனவங்கள்ல ஒருத்தர் திரும்பி வரணும்னா அது மாமனாராத்தான் இருக்கணுமா?" என்று மனைவியிடம் கேட்டார் என்பார்கள். அப்படியானால் முந்தாநாள் புதைத்தது யாரை என்று கேட்டவர்களும் உண்டு. தோண்டிப் பார்க்க ஒருவரும் போகவில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

அந்தக் கணினியைச் செய்த நிறுவனம் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் ஓடிய இயங்குதளமும் அதே நிறுவனத்துடையதுதான். அதைப் பற்றிக் கேட்டால் வெளியூர்ப் பொறியாளர்கள், செத்த மொழியில் யாரோ பேசுவதைப் போலப் பார்த்தார்கள். அதன் நெளிவு சுளிவு தெரிந்த ஆள் ஒருத்திதான். அலுவலகத்தில் பராமரிப்பு வேலை பார்த்த அவளை ஊரே மெஷினக்கா என்று கூப்பிட்டது; அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள். காலையில் வந்ததும் மூடியைக் கழற்றி விசிறியின் தூசியை ஊதுவாள். விசைப்பலகையில் ஐந்தாம் எண் தேய்ந்துபோனபோது வேறொரு பலகையின் ஐந்தைப் பிடுங்கிப் பொருத்தினாள். அது மட்டும் மற்ற எண்களைவிட அரை நூல் உயரமாக நிற்கும். குமாஸ்தாவுக்கு நீலத் திரையைப் பார்த்தால் கண்ணில் நீர் வழிகிறது என்பதால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும்படி மாற்றினாள். தொடங்கும்போது அது போடும் கூச்சலை நிறுத்தினாள். சான்றிதழின் ஓரம் வெட்டுப்படாமல் அச்சாக, அச்சுப்பொறி பேசும் கட்டளையையே திருத்தினாள். பத்து வருஷத்தில் அந்த இயங்குதளம் செய்தவனே வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாத அளவுக்கு அவளுடையதாகிவிட்டது.

அவள் செய்த மாற்றங்களிலேயே சின்னது ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம். தவறான விவரம் எதையாவது தட்டினால் மெஷின் அந்நிய மொழியில், பெரிய எழுத்தில், செல்லாது போ என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லும். குமாஸ்தா பயந்த சுபாவம். எப்போதும் ஜலதோஷம் வேறு. அதைப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார். சாவைப் பதிய வந்தவர்களும், நம் வீட்டு ஆள் செத்ததுகூடச் செல்லாதா என்று முகம் சுண்டிப் போவார்கள். மனசு கேட்காமல் மெஷினக்கா அந்த வாசகத்தை எடுத்துவிட்டுத் தமிழில் வேறொன்று வைத்தாள். அந்த மெஷினுக்குத் தமிழெழுத்து தெரியாது. எட்டுக்குப் பதினாறு கட்டத்தில் புள்ளி புள்ளியாக ஒவ்வொரு எழுத்தையும் அவளே வரைந்தாள். 'ஞ்' ஒன்றுக்கே இரண்டு நாள் ஆனது. கடைசியில் திரையில் வந்தது: கொஞ்சம் பொறுங்க. குமாஸ்தா அதைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். அடுத்த வாரம்தான் தையல்காரரின் மாமனார் திரும்பினார்.

மூன்றாவது ஆள் திரும்பியபோது மெஷினக்காவுக்கு விஷயம் பிடிபட்டது. மெஷினுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது சோர்ந்திருக்கும் நாளில் மின்சாரம் போய் வந்தால், மெஷின் தான் பிறந்த வருஷத்து ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். அதைக் கவனிக்காமல் குமாஸ்தா ஒரு சாவைத் தட்டினால், இன்னும் வராத தேதியில் ஒருவர் எப்படிச் செத்திருக்க முடியும் என்று மெஷின் மறுக்கும். மறுத்த பெயர் நிலுவைப் பட்டியலில் போய் உட்காரும். பிறகு தேதியைச் சரிசெய்தாலும் பலனில்லை. பட்டியலிலிருந்து மெஷினக்கா கையால் எடுத்து விட்டால்தான் சாவு ஏறும். அவள் மேலதிகாரிக்கு எழுதினாள். மேலதிகாரி, கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் போட்டார். பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர் திரும்பத்தான் செய்தார்கள்.

திரும்பியவர்களால் தொந்தரவு ஒன்றும் இல்லை. சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. பல் வைத்தியர் வீட்டு முன்னறையில் காத்திருப்பவர்களைப் போல நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எது சொன்னாலும் "சரி" என்பார்கள். கூரை ஒழுகுகிறது என்றாலும் சரி, பேரன் பிறந்திருக்கிறான் என்றாலும் சரி. முதல் வாரம் வீட்டில் கொண்டாட்டமாக இருக்கும். ஒரு மாதத்தில் நாற்காலியைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கப் பழகிவிடுவார்கள். அந்த வீடுகளில் யாரும் அழுவதில்லை, ஆள்தான் இருக்கிறாரே. யாரும் சத்தமாகச் சிரிப்பதும் இல்லை. பிறகு ஒரு நாள், ஆறு மாதத்திலோ மூன்று வருஷத்திலோ, வீட்டிலிருந்து ஒருவர் வந்து மெஷினக்காவின் மேஜைப் பக்கத்தில் நின்று, "அக்கா, போதும்" என்பார். அவள் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டாள். பெயரை எடுத்து விடுவாள்; சான்றிதழ் அச்சாகும். அவர் வீடு போய்ச் சேரும்போது நாற்காலி காலியாக இருக்கும். தையல்காரர் வந்தது நான்காம் வருஷம். போதும் என்று சொல்லிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து, மாமனாருக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அப்படி அழுவார் என்று அவர் மனைவியே நினைக்கவில்லை.

மெஷினக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். ஒரு நாள் மதியம் வண்டியை நிறுத்தத்தில் ஒழுங்காக ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, அப்படியே செத்துப்போனார். பயணிகள் பதினொரு நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது, மகளுக்குப் பதினான்கு. மூன்றாம் நாள் காலை அவள் தலையை வாரிக்கொண்டு அலுவலகம் போனாள். மெஷினின் மூடியைக் கழற்றி, திருப்புளி முனையால் பேட்டரியை நெம்பி எடுத்து, அறுபது வரை எண்ணி, திரும்பப் போட்டாள். "தட்டுங்க" என்றாள். குமாஸ்தா திரையில் தேதியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அன்றைக்கு மூக்கைக்கூட உறிஞ்சவில்லை. தட்டினார். கொஞ்சம் பொறுங்க என்றது மெஷின்.

மறுநாள் ஏழரைக்கு அவர் சீருடையோடு வந்து உட்கார்ந்தார். அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து வந்த மகள் அவரைப் பார்த்ததும், தொண்டை வரைக்கும் வந்த அழுகையை அப்படியே விழுங்கினாள். "அப்பா" என்றாள். "சரி" என்றார் அவர்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் மெஷினக்கா அந்த மெஷினைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். அதன் உதிரி பாகமெல்லாம் குதிரைக்கொம்பாகிவிட்டது. பழைய இரும்புக் கடைகளில் மண்டியிட்டுத் தேடினாள். மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து இரண்டு நினைவகப் பலகை கிடைத்தபோது அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள். புது இயங்குதளம் வைக்க மூன்று முறை ஆள் அனுப்பினார்கள். பட்டியலை மாற்றினால் ஊருக்குள் என்ன ஆகும் என்று தெரியாது என்று சொல்லி மூன்று முறையும் திருப்பி அனுப்பினாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் ஒரு நாள் உத்தரவு வந்தது. புதிய மெஷினுக்கு நிலுவை என்றால் என்னவென்றே தெரியாது. பட்டியலில் இருந்த ஏழு வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆறு வீட்டார் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, போதும் என்றார்கள். ஏழாவது வீடு அவளுடையது. அவள் பழைய மெஷினைக் கழிவென்று எழுதி, வாங்கிக்கொண்டவர் என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டு, ஒரு சரக்கு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜையில், அவர் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி அது ஓடியது. பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

அவள் மகிழ்ச்சியாக இருந்தாளா என்றால், அதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. காலையில் மெஷினின் விசிறியைத் துடைத்தாள், அவர் தோளில் படிந்த தூசியைத் தட்டினாள். இரண்டுக்கும் ஒரே துணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெஷினின் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. நகத்தால் மேஜையைத் தட்டுவது போல டக், டக். சாகப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு நினைவக அட்டைக்கு நகலெடுக்க ஐந்து மணி நேரம் ஆகும். நடுவில் நின்றால் அதுவும் போச்சு, இதுவும் போச்சு. நகலைப் போட்டுவிட்டுத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் மகள் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். இருபத்து மூன்று வயது. இரண்டு பெட்டி, ஒரு தோள்பை. எல்லாவற்றையும் ஒரு வாரமாகத் தானே அடுக்கி, தானே கயிறு கட்டியிருந்தாள்.

"அம்மா, பத்தரைக்கு வண்டி."

"இதோ, அறுபது சதவீதம் ஆயிடுச்சு. கொஞ்சம் பொறு."

"எப்பப் பாரு அதையேதான் சொல்ற." மகளின் குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். "அப்பா செத்தப்ப நான் அழவே இல்ல, தெரியுமா? ஒன்பது வருஷமா தொண்டையில நிக்குது. அழலாம்னு வந்தா எதிர்ல உக்காந்திருக்காரு. உக்காந்திருக்கவரப் பாத்து எப்படிம்மா அழறது?"

மெஷினக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் கிளம்பறேன்."

"சரி."

"திரும்ப எப்ப வருவேன்னு தெரியாது."

"சரி."

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒரே ஒரு நாள் மகள் போனபோது, நிறுத்தம் வரைக்கும் பையைத் தூக்கிவந்து, வண்டியின் சக்கரத்தை உதைத்துப் பார்த்து, அந்த ஓட்டுநரிடம் மெதுவாகப் போங்கண்ணே என்று நான்கு முறை சொன்ன மனுஷன். மெஷினக்கா முதன்முறையாகத் திரையிலிருந்து தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாகக் காப்பாற்றியது அவரை இல்லை, அந்த நாற்காலியைத்தான் என்று அவளுக்குப் பட்டது. பொறுங்க என்று சொன்னது மெஷின் இல்லை. புள்ளி புள்ளியாக வரைந்து வைத்தவள் அவள்தானே. அவள் சொன்ன பேச்சைத் தட்டாமல் அந்த நல்ல மனுஷர் பொறுத்திருக்கிறார்.

நகல் அறுபத்திரண்டு சதவீதத்தில் இருந்தது. அவள் அதை நிறுத்தினாள். பட்டியலைத் திறந்தாள். மற்ற வீட்டார் வந்து நின்ற இடத்தைப் போலத் தன் பக்கத்தில் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அங்கே மகள் நின்றாள். "போதும்மா" என்றாள் மகள், கேட்கிற குரலும் இல்லை, சொல்கிற குரலும் இல்லை. மெஷினக்கா பெயரை எடுத்து விட்டாள். தேதி கேட்டது. தட்டினாள், ஐந்தாம் தேதி, உயரமாக நின்ற அந்த ஐந்து. ஏற்கலாமா என்று கேட்டது. ஆம் என்றாள்.

அவர் மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டார். தலையைத் தூக்கி, அங்கே இல்லாத கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தார். பிறகு பக்கத்தில் கையை நீட்டி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இழுத்த கைபிரேக்கைக் கீழே இறக்கினார். எழுந்தார். வாசற்படியில் மகளின் பெட்டிகளைப் பார்த்ததும் குனிந்து இரண்டையும் தூக்கி, யார் காலும் இடறாதபடி ஓரமாக வைத்தார். தெருவில் இறங்கி நிறுத்தம் இருக்கிற திசையில் நடந்தார். முனை திரும்பியதும் தெரியவில்லை.

முதலில் மகள்தான் அழுதாள். பதினான்கு வயதுப் பிள்ளையின் குரலில், அப்பா அப்பா என்று, தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பிறகு மெஷினக்காவும் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பத்தரை வண்டி போனதை யாரும் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் குத்திய ஊசியோடு தையல்காரர் ஓடி வந்தார்.

"என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருப்பா."

"ஐயோ! எப்ப?"

"ஒன்பது வருஷம் ஆச்சு. இப்பத்தான், கொஞ்ச நேரம் முன்னாடி."

தையல்காரர் தலையை ஆட்டினார். "நல்லா வண்டி ஓட்டுவாரு. ஒரு நாளும் திடீர்னு பிரேக் போட்டது கிடையாது" என்றார். கடைக்குப் போய் நான்கு நாற்காலியும் ஒரு நீளப் பெஞ்சும் தூக்கிவந்து போட்டார். செய்தி பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்தப் பேருந்தில் அன்று பதினொரு நிமிஷம் காத்திருந்தவர்களில் மூன்று பேர் வந்தார்கள். யாரோ மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். மேஜையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை எழுத்தில் பட்டியல் காலி என்று காட்டிக்கொண்டு. குமாஸ்தா சாயங்காலம்தான் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டார். உட்கார வேறு இடம் இல்லாததால் கதவை ஒட்டிக் காலியாகக் கிடந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்.