எதிரணியின் நாலாவது பாயிண்டு

தீபாவளி விழாவில் பட்டிமன்றம் இல்லையென்றால் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க ஊரின் தமிழர்களுக்குச் சாப்பாடு இறங்காது. மாமியாரா மருமகளா, சொந்த ஊரா வந்த ஊரா என்று பேசிப் பேசி, கேட்கிறவர்களுக்கும் புளித்துப்போய், 1994-ஆம் ஆண்டு சங்கத்தின் செயற்குழு துணிந்து ஒரு தலைப்பை அறிவித்தது. ‘ரீகன் ஆட்சி நமக்கு வரமா, சாபமா?’ பதவியை விட்டு இறங்கி ஐந்து வருடமான ஜனாதிபதியை எதற்கு மேடைக்கு இழுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மீரான் மைதீனின் கடைக்குப் போய்வந்த யாருக்கும் காரணம் தெரியும்.

மீரான் மைதீன் காயல்பட்டினத்துக்காரர். வயது ஐம்பத்தெட்டு. ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் புளியும் பொன்னி அரிசியும் அவர் கடையிலிருந்துதான். ரீகனைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னால் அவரிடம் கறிவேப்பிலைகூடக் கிடைக்காது. அவரோடு மல்லுக்கட்டவென்றே பிறந்தவர்போல வாய்த்தவர் சேனாபதி. கோயம்புத்தூர்க்காரர், அவரைவிடப் பத்து வயது இளையவர், தொலைபேசிக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். வேலைநிறுத்தம் செய்த விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் பதினோராயிரம் பேருக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிய மனிதரை அவரால் மன்னிக்க முடியவில்லை. அவருடைய அப்பா மில் வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்தவர். அந்தக் கோபம் கடல் தாண்டியும் ஆறவில்லை.

சனிக்கிழமை காலையில் காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால், சேனாபதி திரும்பி வரும்போது மதியம் ஆகிவிடும். வாடிய வெண்டைக்காயைப் பார்த்து அவர் மனைவி வசந்தாமணி தலையில் அடித்துக்கொள்வாள். கடையில் நடக்கும் சண்டையை வேடிக்கை பார்க்கவே சிலர் வருவதுண்டு. மீரான் மைதீன் பாயிடம் எப்போதும் மூன்று பாயிண்டுகள். ரஷ்யாவோடு சண்டை போடாமலே சமாதானத்துக்கு வழி செய்தார். ஏறிக்கொண்டே போன விலைவாசியை இறக்கினார். குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் டாக்டர்களைச் சிரிக்க வைத்தார். நாலாவதாக ஒன்று இருந்தது. அதை யாருக்கும் சொல்ல மாட்டார். ஒரே ஒருமுறை, கடையின் பின்னறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, சேனாபதியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் முதல் வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று ரீகன் நாட்டு மக்களுக்குக் கைப்படக் கடிதம் எழுதியிருந்தார். டிவியில் மாற்றி மாற்றி அதையே சொன்னார்கள். பட்டிமன்றத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மீரான் மைதீனின் மனைவி முனவ்வரா சேனாபதியின் வீட்டுக்கு வந்தாள். வசந்தாமணி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

“அண்ணே, அந்தப் பேரு எங்க வீட்டுலயும் இருக்கு.”

“எந்தப் பேரும்மா?” என்றார் சேனாபதி.

“ரீகனுக்கு வந்திருக்குன்னு நியூஸ்ல சொல்றாங்களே, அது. ஆகஸ்டுல டாக்டர் இவுகளுக்கும் அதையேதான் சொன்னாரு. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவுக. போன மாசம் ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணிட்டுப் போனவுக நூறு மைல் தள்ளி வேக்கோவுல இருந்து போன் பண்றாவுக. ‘நான் எதுக்கு வந்தேன் முனவ்வரா’ன்னு என்னையக் கேக்குறாவுக.”

இரண்டு மூன்று வாரங்களாகப் பாய் சொன்னதையே திருப்பிச் சொல்வதை சேனாபதியும் கவனித்திருந்தார். வாதத்தில் மடக்கிவிட்டோம், மனிதர் தடுமாறுகிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“மேடையில நின்னு முழிச்சாவுகன்னா நானூறு பேரு பாப்பாங்கண்ணே. ஊருல தலை நிமிந்து நடந்த மனுசன். நீங்கதான் எப்படியாவது கேன்சல் பண்ண வைக்கணும்.”

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்ததும் சேனாபதி நேராகக் கடைக்குப் போனார். பாய் அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

“முனவ்வரா வந்திருந்தாளா?”

“வந்திருந்தாங்க பாய்.”

“சுந்தரராமனும் போன் பண்ணாரு.” சுந்தரராமன்தான் நடுவர், பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி புரொபசர். “தலைப்பை மாத்திருவோமாங்கிறாரு. நோவுல கெடக்கிற ஆளைப் பத்தி விவாதம் பண்றது நாகரிகம் இல்லையாம். நோவு வந்துட்டா ஒருத்தன் செஞ்சதெல்லாம் இல்லைன்னு ஆயிருமா தம்பி? நல்லதும் கெடையாது, கெட்டதும் கெடையாதா? அவரு மறந்தா மறக்கட்டும். நாம எதுக்கு மறக்கணும்?”

பாய் பெருங்காய டப்பாக்களை நேராக்கி வைத்துக்கொண்டே பேசினார். குரல் தணிந்திருந்தது.

“இந்தத் தடவை நாலாவதையும் சொல்லப் போறேன். மேடையிலயே. பெரிய கடைக்காரருன்னு மரியாதை பண்றாங்கள்ல, நான் எப்படி வந்தவன்னு தெரிஞ்சுக்கட்டும். அது தலைக்குள்ள இருக்கும்போதே சொல்லிப்புடணும். கேன்சல் கீன்சல்னு கெடுத்துராதிய.”

கெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார் சேனாபதி. முனவ்வராவிடம் எந்த முகத்தோடு அதைச் சொல்வது என்று தெரியாமல், வசந்தாமணியை விட்டு போன் செய்யச் சொன்னார். கோழை என்று சொன்னாலும் அந்த நேரத்தில் கேட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பட்டிமன்றத்தில் தாளைப் பார்த்துப் பேசுகிறவரை யாரும் பேச்சாளராக மதிப்பதில்லை. அதனால் மீரான் மைதீன் வெறுங்கையோடுதான் மைக் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளைபோல இருந்தார். மூன்றாவது வரிசையில் முனவ்வரா, அவள் பக்கத்தில் பதின்மூன்று வயது மகன் இர்ஃபான். எதிரணி மேசையில் சேனாபதி உட்கார்ந்திருந்தார். ஒரு பட்டிமன்றத்தில் எதிரணிக்காரன் நன்றாகப் பேச வேண்டுமே என்று இன்னொரு எதிரணிக்காரன் சாமியை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் முதல்முறையாக இருக்கும்.

பாய் பிரமாதமாக ஆரம்பித்தார். ரஷ்யாவைச் சொன்னார், கை தட்டினார்கள். விலைவாசியைச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொன்னார், ஹாலே சிரித்தது. சேனாபதி நிம்மதியாக மூச்சு விட்டார்.

“நாலாவதாக…” என்றார் பாய். நின்றார். மைக்கைப் பிடித்தார். முனவ்வரா இருந்த பக்கம் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, “ரஷ்யாவோட சண்டையே போடாம” என்று தொடங்கினார்.

அதே பேச்சு. அதே கையசைப்பு. முதலில் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று. ஆஸ்பத்திரி ஜோக் இரண்டாம் முறை வந்தபோது சிரிப்பு இல்லை. பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்டது. முனவ்வரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரராமன் சங்கடத்தோடு மேசையிலிருந்த மணியை எடுத்தார்.

மணி அடிக்கும் முன்னே சேனாபதி எழுந்துவிட்டார்.

“நடுவர் அவர்களே, ஒரு குறுக்கீடு! எதிரணித் தலைவர் வேணும்னே ரெண்டு தடவை சொல்றாருங்க, என்னை வெறுப்பேத்தறதுக்கு. நாலாவது பாயிண்டைச் சொன்னா நான் தோத்துப் போயிருவேன்னு இரக்கப்பட்டு நிறுத்திட்டாரு. அந்த இரக்கம் எனக்கு வேண்டாங்க. மறுக்கணும்னா முதல்ல அதை நான் எடுத்துச் சொல்லணும், அதுதானே முறை? நானே சொல்றேன்.”

எதிரணி சொன்னதை எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பது எல்லாப் பட்டிமன்றத்திலும் நடக்கிற காரியம். சொல்லாததை எடுத்துச் சொல்வது எங்குமே கிடையாது. சுந்தரராமன் பாயின் முகத்தைப் பார்த்தார், சேனாபதியைப் பார்த்தார், புரிந்ததோ என்னவோ, மணியைக் கீழே வைத்தார்.

“எதிரணித் தலைவர் என்ன சொல்வாருன்னா, ஒரு ஆளு. எண்பத்தி ஒண்ணாம் வருஷம் கப்பல்ல வந்தாரு. நியூ ஆர்லியன்ஸ்ல கப்பல் நின்னப்ப இறங்கினாரு, திரும்பி ஏறவே இல்லீங்க…”

பதற்றத்தில் ஊர்ப்பெயர் தவறாக வந்துவிட்டது.

“நியூ ஆர்லியன்ஸ் இல்ல,” என்றார் மீரான் மைதீன். “ஹூஸ்டன்.”

ஐந்து வருடமாக சேனாபதி சொன்ன எந்தத் தப்பையும் பாய் திருத்தாமல் விட்டதில்லை. நோய் அந்தப் பழக்கத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. சேனாபதிக்கு அந்த இடத்தில் வழி கிடைத்தது. இனி தெரிந்தே தப்புத் தப்பாகச் சொன்னார்.

“சரிங்க, ஹூஸ்டன். நல்ல மழை பேஞ்சிட்டிருந்துச்சு.”

“மழையா? அக்டோபர் மாசம், மண்டையப் பொளக்கிற வெயிலு.”

“அந்த ஆளு கப்பல்ல இன்ஜினியரு.”

“சமையக்காரன்! யாருய்யா இன்ஜினியரு?” பாய் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான்தான் அந்த ஆளு.”

சேனாபதி மெல்ல உட்கார்ந்தார்.

“விசா, பேப்பர் எதுவும் இல்லாம இருந்தேன். பேப்பர் இல்லாத ஆளு எப்படி இருப்பான்னு இங்க யாருக்கும் தெரியாது. ரோட்டுல போலீஸ் காரைக் கண்டா குனிஞ்சு செருப்பைச் சரி பண்ற மாதிரி நிப்பேன். எங்க உம்மா மௌத்தாகி அடக்கம் பண்ணின சேதி லெட்டர்ல வந்துச்சு. ஓட்டல் கிச்சன்ல வெங்காயம் உரிச்சிக்கிட்டே அழுதேன், யாரும் கேக்கலை. எண்பத்தி ஆறுல ரீகன் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்துச்சு. எண்பத்தி ரெண்டு பொறக்கிறதுக்கு முன்னாடி வந்தவன் இங்கயே தங்குறதுக்கு மனு போடலாம்னுச்சு. போட்டேன். கெடச்சுது. எண்பத்தி எட்டுல ஊருக்குப் போனேன். நான் கெளம்பினப்ப வயித்துல இருந்த புள்ளைக்கு ஏழு வயசு. வாசல்ல என்னையப் பாத்துட்டு, ‘உம்மா, இது யாரு?’ன்னு கேட்டான்.”

பாய் மகன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு அவனுக்கு என்னையத் தெரியல. அந்த ரீகனுக்கு வந்த நோவு எனக்கும் வந்திருக்கு. கொஞ்ச நாள்ல எனக்கு அவனைத் தெரியாமப் போயிரும். நடுவுல ஆறு வருஷம் நாங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருந்தோம். அந்த ஆறு வருஷத்தை எனக்குக் குடுத்தது அந்தாளு. இதான் என் நாலாவது பாயிண்டு.”

யாரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. இர்ஃபான் “வாப்பா” என்று அப்பாவைக் கூப்பிட்டபடி எழுந்தவன், அம்மா கையைப் பிடித்ததும் உட்கார்ந்தான். சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதுக்கு மேல மறுப்புரை எதுவும் வேண்டாம்னு நினைக்கிறேன். நேரா தீர்ப்புக்குப் போயிடலாம்” என்றார்.

மீரான் மைதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெப்படி? எதிரணித் தலைவருக்கு எட்டு நிமிஷம் பாக்கி இருக்கு. பேசச் சொல்லுங்க.”

சேனாபதி மைக் முன்னால் போய் நின்றார். எதுவும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஊரே அவரைப் பெரிய மனிதர் என்றிருக்கும். ஆனால் பாயின் கண்ணில் பழைய சண்டைக்காரப் பளபளப்பு இருந்தது. அதைப் பார்த்த பிறகு எப்படிக் கும்பிடுவது?

“மறுக்கிறேனுங்க,” என்றார். “அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனா அதுல ஒரு தேதி இருந்துச்சு. எண்பத்தி ஒண்ணு அக்டோபர்ல இறங்கினவருக்குக் குடும்பம் கிடைச்சுது. மூணு மாசம் தள்ளி, ஜனவரியில அதே துறைமுகத்துல இறங்கின இன்னொரு சமையக்காரருக்கு? அவரோட பையன் இன்னும் வாசல்ல நின்னுட்டிருக்கான். அவனுக்கு ரீகன் என்ன குடுத்தாரு? வேலைநிறுத்தம் பண்ணினவங்களோட பிள்ளைகளுக்கு என்ன குடுத்தாரு? எங்கப்பா மாதிரி எத்தனை அப்பாங்க எண்பத்தி ஒண்ணு ஆகஸ்ட் மாசம் வெறுங்கையோட வீட்டுக்குப் போனாங்க?”

எட்டு நிமிடமும் பேசினார். வாழ்நாளில் அவ்வளவு கடுமையாக அவர் பேசியதில்லை. கண்ணீர் ஒருபக்கம் வழிந்தது, வார்த்தை மறுபக்கம் வெட்டியது. கல்நெஞ்சக்காரன் என்று முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. வசந்தாமணிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். பாய் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து, ஒவ்வொரு அடிக்கும் “ம், அப்புறம்?” என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுந்தரராமன் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று பிறகு கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாப்பாட்டு வரிசையில் எல்லாரும் மீரான் மைதீனிடம் வந்து, குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி, நல்லா பேசினீங்க பாய், உடம்பைப் பாத்துக்குங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரோ ஒருவர் அவர் தட்டை வாங்கித் தானே சோறு போட்டுக் கொடுத்தார். பாய் எல்லாருக்கும் சிரித்தார்.

சேனாபதி அருகில் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

“பாத்தியளா தம்பி, அதுக்குள்ள எப்படிப் பேசுறாங்கன்னு. இனிமே எல்லாரும் எங்கிட்ட இப்படித்தான் மெதுவாப் பேசுவாங்க. நான் என்ன சொன்னாலும் சரிம்பாங்க.” அவர் பிடி இறுகியது. “நீங்களாவது எங்கூட சண்டை போடுங்க. நீங்க யாருன்னு எனக்குத் தெரியாமப் போனாலும் போடுங்க.”

“போடறேனுங்க பாய்,” என்றார் சேனாபதி.