பெரியவர் இருக்கும் திசை

யோந்தோன் பதினெட்டு வருஷமாகப் பூகோள வாத்தியார். கோடை விடுமுறைக்கு மச்சான் ஷக்தாரின் கூடாரத்துக்கு வந்த மூன்றாம் நாள், மலையேறப் போவதாக அறிவித்தார். அதுவும் நடந்து. வெளியே நான்கு குதிரைகள் சேணத்தோடு நிற்கும்போது ஒரு மனிதன் ஏன் நடக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்குப் போகவே குதிரை ஏறுகிறவர்கள் அவர்கள்.

நடந்தால்தான் மலையின் அருமை தெரியும் என்று யோந்தோன் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். கடைசி பெஞ்சைத் தூங்க வைக்கும் அதே குரல்தான் வருகிறது என்று அவருக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. உண்மைக் காரணம், அவருக்குக் குதிரை என்றால் பயம். மங்கோலியனாகப் பிறந்துவிட்டு இதை யாரிடம் சொல்வது?

மலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. 'பெரியவர்' என்பார்கள். விரல் நீட்டிக் காட்டுவதும் மரியாதையில்லை. அதனால் வழி கேட்டபோது ஷக்தார் டீக் கிண்ணத்தை இறக்காமலே மோவாயை வடக்கே தூக்கி, "பெரியவர் அங்கதான் இருக்காரு, மாப்ள," என்றார்.

மோவாய் போன திசையில் இரண்டு சிகரங்கள் இருந்தன. யோந்தோன் உயரமாகத் தெரிந்ததை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பது உயரமாகத் தெரியும் என்பது அவரே நடத்துகிற பாடம். மனைவி எடுத்து வைத்த வரைபடத்தை, பூகோள வாத்தியாருக்கு எதற்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆறு மணி நேரம் ஏறினார். செருப்புக்கடையில் வாங்கிய புது பூட்ஸ் இரண்டு குதிகாலையும் தின்றது. சரளைச் சரிவில் இரண்டடி ஏறி ஓரடி சறுக்கினார். ஒரு யாக் எருமை அசை போடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும் போலிருந்தது. கடைசி ஐம்பது அடியைக் கையை ஊன்றித் தவழ்ந்தே கடந்தார்.

உச்சியில் கும்பிடுகிற கற்குவியலும் நீலத்துணியும் இருக்கும், துணி கட்டி மூன்று சுற்று சுற்றலாம் என்று நினைத்திருந்தார். இருந்தது ஆட்டுப்புழுக்கை. அதன் நடுவே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, காய்ந்த தயிர்க்கட்டியைச் சப்பியபடி பக்கத்துக் கூடாரத்து ஹோர்லோ அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"என்ன வாத்தியாரே, இந்தப் பக்கம்?"

"பெரியவரைப் பார்க்க வந்தேன், அக்கா."

ஹோர்லோ தயிர்க்கட்டியை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு மோவாயைத் தூக்கினாள். பள்ளத்தாக்குக்கு அப்பால், தோளில் மேகத்தைப் போட்டுக்கொண்டு பெரியவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். "அவரு மேல பொம்பளைங்க ஏறக் கூடாது. நான் இங்க இருக்கேன்னா, இது அவரு இல்ல," என்றாள்.

"அப்ப இது பேரு என்ன?"

"இதுக்கு எதுக்குப் பேரு? ஆடு மேயற மேடு."

சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. அவள் அவருக்கும் ஒரு தயிர்க்கட்டி கொடுத்தாள். வழிதவறி வந்த ஆடுகளைத் தேடி ஏறினாளாம். குட்டி ஒன்றுக்குக் கால் சுளுக்கு, தூக்கிக்கொண்டு இறங்குவாரா என்று கேட்டாள். யோந்தோன் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். பாதி வழியில் அது அவர் முதுகை நனைத்தது.

கீழே ஷக்தார் எழுந்து வந்து குட்டியை வாங்கிக்கொண்டார். "பெரியவர விட்டுட்டு ஆட்டுக்காக இவ்ளோ தூரம் ஏறினியா? நான்கூட உன்ன வெறும் வாத்தியார்னு நெனச்சேன்," என்று புளித்த குதிரைப்பாலை நிரம்ப ஊற்றிக் கொடுத்தார். ஹோர்லோ வாயைத் திறக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் ஒரு வீரனாக ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் இரண்டாவது கிண்ணத்தில் யோந்தோனுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார், யாக் முறைத்தது வரைக்கும். ஷக்தார் கூடாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹோர்லோ தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெயரில்லாத மேட்டுக்கு மறுநாள் காலையே பெயர் வந்துவிட்டது. பால் கறக்கும்போது ஹோர்லோ தன் கூடாரத்துப் பக்கமிருந்து கத்திச் சொன்னது யோந்தோன் காதில் விழுந்தது: "ஷக்தாரு, உன் ஆடெல்லாம் வாத்தியார் தலையில மேயுது பாரு."