நாலு கிலோமீட்டர்

ஆல்வின் எழுந்து பாயைச் சுருட்டினான். பல் தேய்த்தான். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சார்ஜில் கிடந்த டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குக் கிளம்பினான். எந்த ஊர் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அளக்கும் கணக்கெடுப்பு. உத்திரமேரூரைச் சுற்றி மற்ற ஊர்களையெல்லாம் முடித்துவிட்டான். சொந்த ஊர்தான் பாக்கி.

ஊராட்சிச் செயலர் வரதன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வா ஆல்வினு. நாஷ்டா துன்னியா? மூஞ்சே சொல்லுது. ரெண்டு எட்து துன்னு."

"வேணாண்ணே."

குழாய், கழிப்பறை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம். டேப்லெட்டில் எல்லாவற்றுக்கும் பச்சை விழுந்தது. ஏரி நிரம்பியதா என்ற கேள்விக்கு வரதன் உற்சாகமாகிவிட்டார். "ரொம்பி வழிஞ்சுதே! அதுக்கும் மார்க்கு கீதுல்ல?" சொன்ன பிறகுதான் எதிரே இருப்பது யாரென்று உறைத்தது. இட்லியைப் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த கேள்வி, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்.

"நாலு கிலோமீட்டரு. போடு."

"ஏரி வழிஞ்சா கலங்கலாண்ட ரோடு மூய்கிடும்ணே. சுத்திக்கினு போனா பதினாலு."

"வருசத்துல பத்து நாளுப்பா அது. இது பச்சையானா நம்ம ஊருதான் மொதல்ல வரும். பரிசு வந்தா உங்க தெருவுக்குத்தான் வாய்க்கா கட்டப் போறோம். உன் தெருக்காரங்க வாயிலயே மண்ணப் போடுவியா?"

அதுவும் நியாயம்தான். மழைக்குச் சாக்கடை வீட்டுக்குள் வருகிற தெரு.

"செவப்பு வியுந்தாத்தாண்ணே பாலம் கேக்க முடியும்" என்றான். பதினாலு என்று தட்டினான். கட்டம் சிவந்தது. கீழே இன்னொரு கட்டம் திறந்தது: காரணம் எழுதவும்.

வரதன் பெருமூச்சு விட்டார். "பேஜாரு புட்சவன்டா நீ. சரி, காரணத்தயாவது ஒயுங்கா எய்து."

கட்டத்தைத் தொட்டான். போன ஐப்பசியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனைவி ஏஞ்சலை டிராக்டரில் ஏற்றி, ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் வரை வந்து, தண்ணீரைப் பார்த்துத் திரும்பினார்கள். சுற்றுவழியில் பாதியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக இயேசப்பா என்று கூப்பிட்டாள் என மாமியார் சர்ச்சில் சொல்லிவருகிறாள். அவன் மறுத்ததில்லை. ஆனால் அவள் தலை இருந்தது அவன் மடியில்; கடைசிப் பேச்சைக் கேட்டதும் அவன்தான். வண்டி திரும்பும்போது அதைக் கொஞ்சம் தூக்கி, புரண்டு வரும் செந்தண்ணீரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏரி இன்னாமா ரொம்பிக் கீது பாரு. இந்தத் தபா நடவுக்கு ஆளே கெடைக்காது. அம்மாவ கூலி ஏத்திக் கேக்கச் சொல்லு."